மாமாவின் பென்ஸ் சாவிக்கு எந்தக் கவர்?

என் மாமா குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறார். போன தை மாதம் பழைய இன்னோவாவை விற்றுவிட்டு பென்ஸ் ஈ கிளாஸ் எடுத்தார். கார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எனக்குப் போன் வந்துவிட்டது.

"மாப்ள, நீ தோல் கம்பெனியிலதான கீற. இந்தச் சாவிக்கு ஒரு நல்ல கவரா பாரு. பஸ் ஸ்டாண்டுல தொங்கவிட்டு விக்கிறது வாணாம். வண்டிக்கு ஏத்த மாதிரி இருக்கணும்."

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். பர்ஸ், பெல்ட், கைப்பை என்று வெளிநாட்டு ஆர்டர்களுக்கு முதல் சாம்பிள் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கீ கவரும் அவ்வப்போது போட்டிருக்கிறோம். அதனால் மாமா கேட்டதுமே 'தோல்தான், வேறென்ன' என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். சித்திரை வரைக்கும் விதவிதமான கவர்களை அந்தச் சாவிக்குப் போட்டுக் கழற்றிய பிறகுதான், அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை என்று தெரிந்தது.

ஆரம்பத்திலேயே அவரிடம் கேட்டேன், "ஏத்த மாதிரின்னா இன்னா மாமா?"

அவர் துணிக்காரர். விரலால் தடவியே நூல் 60-ஆம் நம்பரா 80-ஆம் நம்பரா என்று சொல்கிறவர். யோசித்து யோசித்துச் சொன்னார். கல்யாண மண்டபத்தில் மேசைமேல் சாவியை வைத்தால் நட்சத்திரம் தெரியவேண்டும். பட்டனை அழுத்தினால் வெறும் சாவியில் கேட்கிற அதே 'டிக்' விரலுக்குத் தெரியவேண்டும். சட்டைப் பையை இழுக்கக் கூடாது. வேட்டிக்கு ஏது பை? சாவி போய் உட்காருவது வெள்ளைச் சட்டையின் மேல்பையில்தான், மெல்லிய காட்டன் துணி, கொஞ்சம் கனம் ஏறினாலும் ஒரு பக்கம் தொங்கிவிடும். கடைசியாக ஒன்று சொன்னார்: "கவர் போட்டுகினு கீதுன்னே தெரியக் கூடாது மாப்ள."

காசு போட்டது தெரியவும் வேண்டும், தெரிந்தது மாதிரி காட்டிக்கொள்ளவும் கூடாது. விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேரிடம் பிறகு பேசிப் பார்த்தேன். வார்த்தைதான் வேறு, எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். கவரின் விலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கைக்கு எப்படி இருக்கிறது, ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும், இந்த இரண்டும்தான் பேச்சு.

ஒன்றுமே போடாமல் விட்டால்?

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கவேண்டும். கவர் விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். விலை உயர்ந்த காரின் சாவியை யாரோ உட்கார்ந்து கவனமாக வடிவமைத்திருக்கிறார்கள். போர்ஷே சாவி அந்தக் காரின் உருவத்திலேயே இருக்கும். ஆஸ்டன் மார்ட்டின் சில மாடல்களுக்குச் சஃபயர் கண்ணாடி பதித்த சாவியே கொடுத்தது. அதை வாங்கி ரப்பருக்குள் திணிப்பது, புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே பத்து வருஷம் உட்காருகிற மாதிரி.

ஆனால் மாமா சாவியின் முகம் பளபளக்கும் கறுப்பு. இந்தக் கறுப்பு கடையில் பார்க்கத்தான் அழகு. சில்லறையோடும் வீட்டுச் சாவியோடும் ஒரு வாரம் ஒரே பையில் கிடந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது மெல்லிய கோடுகளாக வலை பின்னியிருக்கும். ஓரத்து வெள்ளிப் பட்டை கிரானைட் தரையில் ஒரு தடவை விழுந்தால் போதும், நசுங்கிவிடும். புதுச் சாவி வாங்கலாமென்றால் கார் உங்களுடையதுதான் என்று ஆவணங்களைக் காட்டி ஆர்டர் போட்டுக் காத்திருக்கவேண்டும், பில்லும் பல ஆயிரத்தில் வரும். நாங்கள் சர்வீசுக்கே பள்ளிகொண்டா டோல், வாலாஜா டோல் எல்லாம் தாண்டிச் சென்னைக்குத்தான் போகிறோம். அதனால் சாவி எப்போதும் கைப்பையில் தனி அறையில் இருக்கிறதென்றால் கவர் தேவையில்லை. பாக்கெட்டில் போகிறது, பல கை மாறுகிறது என்றால் தேவை.

சிலிகான், டி.பி.யூ

சிலிகான் கவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கீழே விழுந்தால் சாவியைக் காப்பாற்றும், வெயிலில் உருகாது. ஆனால் பையில் இருக்கிற பஞ்சு, தூசி, முடி எல்லாவற்றையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். லுங்கிக் கடையில் நூல் பிசிறுக்குப் பஞ்சமா? மூன்றே நாளில் சாவிக்குத் தாடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. மாமா அதைக் கையில் எடுக்கவே கூச்சப்பட்டார்.

டி.பி.யூ என்பது ரப்பர் மாதிரி வளைகிற ஒரு வகைப் பிளாஸ்டிக். சிலிகானைவிட ஒரு படி மேல். கொஞ்சம் விறைப்பானது, பொருத்தம் கச்சிதம், பிசிறு ஒட்டாது. ஓரத்தில் வெள்ளியோ தங்கமோ பூசியது மாதிரி கோடு போட்டு விற்பார்கள். அந்தக் கோடு கொஞ்ச நாளில் உரிந்துவிடும், கோடு இல்லாததையே வாங்குங்கள். தெளிவான நிறமில்லாத வகை வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும், அதனால் கறுப்போ நீலமோ எடுப்பது நல்லது. பட்டன்மேல் டி.பி.யூ படலம் மூடியிருந்தால் 'டிக்' மழுங்கும். பட்டன் பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

மாமாவின் தீர்ப்பு: "நல்லாத்தான் கீது. ஆனா செல்போன் கவர் மாதிரி கீது." அதற்குமேல் நான் பேசவில்லை. டி.பி.யூவை ஓரமாக எடுத்து வைத்தேன். பிறகு அது இன்னொரு கைக்கு உதவியது.

உலோகம் என்றால் சும்மா இல்லை

மாமாவுக்கு உண்மையிலேயே பிடித்தது உலோகக் கவர். அவரே போனில் பார்த்து ஆர்டர் போட்டது. பெட்டியைப் பிரித்ததும் கையில் நல்ல கனம், நாலு பக்கமும் வளைத்த விளிம்பு, முதுகில் தோல் மாதிரி ஒரு பட்டை. 'பிரீமியம்' என்ற சொல்லுக்கு நம் ஆட்கள் மனசில் இருக்கிற படமே அதுதான், கனம். நகைக் கடையில் பழகிய மனசு, கனத்தை எடை போட்டு மதிப்பு சொல்லும்.

ஆனால் இந்தக் கவர்கள் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. துத்தநாகக் கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.6 கிராம் அளவுக்கு இருக்கும். அலுமினியம் 2.7 தான். ஒரே தடிமனில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். எங்கள் சாம்பிள் அறைத் தராசில் வைத்தேன், கவர் மட்டும் 62 கிராம் காட்டியது. சட்டைப் பை என்ன ஆகும்? மாமா ஒரு விசேஷ வீட்டில் பெரியவர் ஒருவர் காலைத் தொடக் குனிந்திருக்கிறார். சாவி பையிலிருந்து நழுவி நேராகக் குங்குமச் சிமிழ்மேல் விழுந்தது. ஒரு வாரத்துக்கு அந்தத் தோல் பட்டையின் தையலெல்லாம் சிவப்பாகவே இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சாவியை வெளியே எடுக்காமலே கதவு திறக்கிற கார்களில் என்ன நடக்கிறது? கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், 'இருக்கியா?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி ஒன்றிரண்டு மீட்டருக்குமேல் போகாது. பக்கத்தில் சாவி இருந்தால் விழித்துக்கொண்டு வேறு அலைவரிசையில், நம் ஊர் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், 'இருக்கேன்' என்று பதில் சொல்கிறது. தூரத்திலிருந்து பட்டனை அழுத்தும்போது போவதும் இந்த இரண்டாவது அலைதான். சாவியைச் சுற்றி உலோகத்தைக் கட்டினால் இந்தப் பேச்சு இரண்டு பக்கமும் மங்கும். முழுக்க மூடினால் நின்றே போகலாம், படத்துக்குப் போடுகிற ஃபிரேம் மாதிரி ஓரத்தில் மட்டும் இருந்தால் தூரம் குறையும்.

எவ்வளவு குறையும் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டமில்லாத நேரத்தில் வேலூர் கோட்டைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நானும் மாமாவின் டிரைவர் அண்ணனும் நடந்தோம். நான் பட்டனை அழுத்தியபடி பின்னால் நடக்க, விளக்கு மின்னுகிறதா என்று அவர் சொல்லவேண்டும். வெறும் சாவிக்கு 41 காலடி. டி.பி.யூ போட்டும் அதே அளவுதான், ஒன்றிரண்டு முன்பின். உலோகம் போட்டதும் 23. இட்லி வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்து "இன்னா சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இது ஒரு கார், ஒரு சாவி, ஒரு கவரின் கணக்கு. உங்களுக்கு வேறாக வரலாம். வாங்கியதும் நீங்களும் இதே மாதிரி நடந்து பார்த்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கிற நாள் தாண்டுவதற்குள்.

அப்புறம் வெயில். வேலூரை வெயிலூர் என்று சொல்வது வெறும் கேலி இல்லை. சித்திரையில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். டிரைவர் அண்ணன் வேப்பமரத்தடியில் கண்ணயரும் முன் சாவியைப் பானட்டின்மேல் வைத்தார். நிழல் நகர்ந்துவிட்டது. எழுந்து எடுத்தவர் உதறிவிட்டார், அதுவும் பானட்டின் பெயின்ட்மேலேயே. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. காருக்குள்ளும் கதை இதுதான். உலோகக் கவர் போட்ட சாவியைக் கியர் பக்கத்துப் பளபளப்புப் பலகையில் வைத்து வைத்து, அங்கே வட்ட வட்டமாகக் கோடுகள். சாவியைக் காப்பாற்ற வாங்கிய கவர் காரைக் கீறுகிறது.

கார்பன் ஃபைபர் கவரைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். உண்மையான கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் உலோகம் மாதிரி அதுவும் அலையை மறைக்கும். சல்லிசாகக் கிடைப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கின்மேல் அந்தக் கட்டம் போட்ட ஓவியம்தான். அலைக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் கார்பன் ஃபைபரும் இல்லை.

பி.எம்.டபிள்யூ காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2015-ல் வந்த 7 சீரிஸோடு திரை வைத்த சாவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் காருக்குள் ஒரு தட்டில் வைத்தால் வயரில்லாமலே சார்ஜ் ஆகும். அதற்கு உலோகம் பக்கமே போகாதீர்கள்.

தோல், என் சொந்த ஊர்

இனி எனக்குத் தெரிந்த இடம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் இன்று மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் பழைய வடாற்காட்டில் இந்த ஊர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தது பாலாறும் தோலும்தான். இங்கே இருந்துகொண்டு சாவிக் கவருக்குத் தோலைத் தேடி வெளியே போவது, காட்பாடி ஜங்ஷனில் நின்றுகொண்டு ரயிலுக்கு வழி கேட்பது மாதிரி.

ஒரு கவருக்கு எவ்வளவு தோல் வேண்டும் தெரியுமா? இரண்டு பக்கமும் மடிப்பும் சேர்த்துப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். தோலை நாங்கள் சதுர அடியில் அளப்போம், ஒரு சதுர அடி 929 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு அடியில் எட்டு ஒன்பது கவர் வெட்டலாம். கைப்பைக்கு வெட்டிய பிறகு மீந்து கிடக்கிற துண்டிலேயே முடிந்துவிடும். கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்களே, அதில் தோலின் விலை கொஞ்சம்தான். மீதி எல்லாம் வெட்டு, ஓரம் சீவல், தையல், ஓரச் சாயம். அதனால் தோல் கவரின் தரத்தை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? 'ஜெனுவின் லெதர்' என்று அச்சடித்திருப்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது. தோலைக் குறுக்காகப் பிளந்து, மேல் அடுக்கைத் தனியே எடுத்துவிட்டால் கீழே மிஞ்சுவதை ஸ்பிளிட் என்போம். அதன்மேல் ஒரு படலம் ஒட்டி, செயற்கையாக ரேகை அழுத்தி விற்றாலும் அது தோல்தான், பொய் சொன்னதாக ஆகாது. மேல் அடுக்கு சிதையாமல் இருப்பதே ஃபுல் கிரெயின். கட்டைவிரலால் அழுத்தினால் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் ஓடும், ரேகை எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருக்காது, எங்காவது ஒரு கொசுக்கடித் தழும்புகூட இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்துக் குறை என்று ஒதுக்காதீர்கள், அது சான்று. வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணிப் பின்னலும் மேலே பிளாஸ்டிக் கோடும் தெரிந்தால் ரெக்ஸின் வகை. பி.யூ என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் கை வேர்வைக்கும் அது ஓரிரு வருஷத்தில் மேலே செதில் செதிலாக உரியும். தோல் என்று நினைத்து இதை வாங்கிவிட்டு 'தோலே சரியில்லை' என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, நல்ல தோல் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் இரண்டு வழி இருக்கிறது. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

பழைய வழி, பட்டை போட்டுப் பதனிடுவது. ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் ஊறவைத்த சாற்றில் வாரக்கணக்கில் தோலைப் போட்டு எடுப்பார்கள். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறியது அதுதான். அந்தத் தோலை நனைத்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் அச்சின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று குரோம் வழி. குரோமிய உப்பில் ஒரே நாளில் பதப்பட்டு, வெளிர்நீலமாக வெளியே வரும். மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் சூட்டுக்கும் நன்றாகத் தாங்கும். பட்டைத் தோல் ஈரத்தோடு 80 டிகிரி பக்கம் போனால் சுருங்க ஆரம்பிக்கும், குரோம் தோல் கொதிநீர்வரை தாங்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் நான் தோல்காரன் இல்லை. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குத் தெரியும். வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. பட்டைத் தோலும் சுத்த சைவம் இல்லை, அதற்கும் உப்பும் தண்ணீரும் நிறையப் போகும். கேட்டு வாங்குங்கள்: எந்த டேனரி தோல், கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம்.

மாமாவுக்கு முதலில் நான் செய்தது பட்டைத் தோலில். சாவி அளவுக்கு மரத்தில் ஒரு துண்டு இழைத்து, அதன்மேல் நனைத்த தோலை இழுத்து, ஓரத்தில் கிளிப் போட்டு ஒரு ராத்திரி காயவிட்டேன். காலையில் எடுத்தபோது சாவியின் வளைவு அச்சாக இருந்தது. இரண்டு ஊசி போட்டுக் கையாலேயே தைத்தேன், நட்சத்திரம் இருக்கிற இடத்தில் சின்ன ஜன்னல் வெட்டினேன். நிறம் இளம் பழுப்பு, தேன் மாதிரி. பதினாலு வருஷ வேலையில் நானே எனக்குச் சபாஷ் சொல்லிக்கொண்ட ஒரு சில பொருள்களில் அதுவும் ஒன்று. மாமா வாங்கி முகர்ந்து பார்த்தார், தடவினார், "இதாண்டா" என்றார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. "இன்னாடா மாப்ள, பழைய செருப்பு மாதிரி ஆயிடுச்சி."

போய்ப் பார்த்தேன். விரல் படுகிற இடமெல்லாம் கறுத்திருந்தது. தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய், நெற்றி வேர்வை, விபூதி, எல்லாம் உள்ளே இறங்கியிருந்தன. ஒரு மூலையில் வட்டமாக எண்ணெய்க் கறை. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கத்தரிக்காய்க் கையோடு சாவியை எடுத்ததாக டிரைவர் அண்ணன் ஒத்துக்கொண்டார். வளையம் பித்தளை, அது தொட்ட இடத்தில் பச்சையாக மெழுகு மாதிரி படிந்திருந்தது. தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்தால் அப்படித்தான்.

இதில் தோலின் மேல் தப்பு எதுவும் இல்லை. பட்டைத் தோல் கை பட்டுப் பட்டு நிறம் மாறுவதற்கென்றே வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வருஷம் போகப் போக அழகு கூடுகிறது என்று அதற்குக் கூடுதல் காசு கொடுப்பார்கள். மாமா எதிர்பார்த்தது அதில்லை. புதுசு புதுசாகவே இருக்கவேண்டும். வேட்டி கஞ்சி விறைப்போடு இருக்கவேண்டும் என்று நினைக்கிற மனசுக்குப் பழுத்த தோல் பிடிக்காது. அதை நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது கவர் குரோம் போட்ட ஆட்டுத் தோலில். 0.8 மில்லிமீட்டர், உள்ளே மெல்லிய மைக்ரோ துணி லைனிங், கார் சீட்டின் காப்பி நிறத்தையே தேடிப் பிடித்தது. பட்டன் பக்கம் முழுக்கத் திறந்து, முதுகும் விளிம்பும் மட்டும் தோல். மேலே மெல்லிய பூச்சு இருப்பதால் எண்ணெய் பட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. எடை 14 கிராம். வளையத்தைப் பித்தளைக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினேன். கோட்டைப் பக்கம் மறுபடி நடந்தோம், 40 காலடி.

வெளியே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கார் கம்பெனியே விற்கிற அசல் தோல் கவரும் இருக்கிறது. பொருத்தத்தில் குறை இருக்காது, சின்னமும் அசல். விலைதான் நம் கையால் செய்வதைப்போலப் பல மடங்கு. ஆனால் வெளிக் கடைகளில் நட்சத்திரமோ நான்கு வளையமோ அச்சடித்துத் தொங்குகிறதே, அதில் பெரும்பாலும் அனுமதி வாங்காமல் அடித்தது. எங்கள் கம்பெனியில் உரிமைத் தாள் இல்லாமல் ஒரு சின்னத்தையும் தொடமாட்டோம். சாவியிலேயே அசல் நட்சத்திரம் இருக்கும்போது கவரில் போலி எதற்கு? ஜன்னல் வெட்டினால் போதாதா?

எந்தக் கவரானாலும் இரண்டு இடம் மறந்துவிடக் கூடாது. சாவிக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், பேட்டரி தீர்ந்தால் கதவு திறப்பது அதை வைத்துத்தான். கவரைப் பிய்க்காமல் அது வெளியே வரவேண்டும். பேட்டரி பல சாவிகளில் சி.ஆர். 2032, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பொட்டுக்கடலை மிட்டாய் அளவுகூட இல்லாத வட்டம். அதை மாற்றக் கவரைக் கழற்றவேண்டும் என்பதால் நாலு பக்கமும் தைத்து மூடியதை வாங்காதீர்கள். மாற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி தீர்ந்த சாவியை வைத்துக் காரைக் கிளப்ப ஒவ்வொரு காரிலும் ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கும். கவரோடு அங்கே வைத்தால் கிளம்புகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

பௌச்சும் கொத்தும்

அலையைத் தடுக்கிற பௌச் ஒன்று விற்கிறார்கள். திருடர்கள் இரண்டு பேர் வந்து, ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் சாவியின் அலையைப் பிடித்து, காரருகே இருக்கிற இன்னொருவனுக்குக் கடத்தி, காரை ஏமாற்றித் திறப்பது பல நாடுகளில் நடக்கிறது. பௌச் அதற்குத்தான். குடியாத்தத்தில் காம்பவுண்டு கேட்டுக்குள், நாய் படுத்திருக்கும் வாசலில் நிற்கிற காருக்கு இது அவசரமில்லை. சில புதிய சாவிகள் அசையாமல் கிடந்தால் தானே தூங்கிவிடுகின்றன. ஆனால் அலமாரியில் சும்மா கிடக்கிற இரண்டாவது சாவிக்குப் போட்டுவைக்கலாம். வாங்கினால் சோதிப்பது எளிது: சாவியை உள்ளே போட்டு மூடி, காரருகே நின்று கைப்பிடியை இழுங்கள். திறந்தால் பௌச்சைத் திருப்பிக் கொடுங்கள்.

கொத்தில் என்ன தொங்கவிடலாம் என்று அத்தை கேட்டார். ரத்தினகிரி முருகன் படம் போட்ட ஒரு வில்லை, போதும். முன்பெல்லாம் திருகுகிற சாவிக்குக் கனமான கொத்து உண்மையிலேயே ஆபத்து. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, கொத்தின் கனத்திலும் குலுங்கலிலும் ஸ்விட்ச் தானாக அணைந்துபோகிற கோளாறுக்காக. பட்டன் அழுத்துகிற காரில் அந்தப் பயம் இல்லை. இங்கே பயம் சட்டைப் பைக்கும் கியர் பக்கத்துப் பலகைக்கும்தான்.

கடைசியில் யாருக்கு எது

இத்தனை நாளும் மாமாவையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிரைவர் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார், "தம்பி, சாவி மொதலாளிகிட்ட இருக்கறது கல்யாணத்துக்குப் போம்போதுதான். மத்த நேரம் என்கிட்டதான் கீது."

அவர் சொன்னது சரி. தினமும் அந்தச் சாவியைப் பிடிப்பது அவர் கை. கார் கழுவும்போது ஈரக் கை, டயர் பார்க்கும்போது கிரீஸ் கை, ஆம்பூரில் பிரியாணிக் கை. அவருக்கு நட்சத்திரம் தெரியவேண்டியதில்லை. கழுவினால் போகவேண்டும், கீழே விழுந்தால் தாங்கவேண்டும், கழுத்தில் மாட்ட ஒரு கயிறு வேண்டும். கார் வந்தபோது இரண்டு சாவி கொடுத்தார்கள், ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பௌச்சுக்கு ஒதுக்கிய அதை எடுத்தோம்.

இப்போது ஒரு சாவிக்குக் காப்பி நிற ஆட்டுத் தோல், அது மாமாவின் சட்டைப் பையில். இன்னொன்றுக்கு ஓரமாகக் கிடந்த நீல டி.பி.யூ, அது டிரைவர் அண்ணன் கழுத்தில். காரைத் தாங்களே ஓட்டி, சாவியையும் தாங்களே வைத்திருப்பவர்கள் நேராகக் குரோம் ஆட்டுத் தோலுக்கே போங்கள், பழுத்த தோலை ரசிப்பவர் என்றால் மட்டும் பட்டைத் தோல். காரைப் பல பேர் எடுக்கிற வீடு என்றால் யோசிக்காமல் டி.பி.யூ. உலோகத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாமா அந்த உலோகக் கவரைத் தூக்கிப் போடவும் இல்லை. போன வாரம் கடைக்குப் போனபோது பார்த்தேன், ஃபேன் காற்றில் பில் பறக்காமல் இருக்கக் கல்லாப் பெட்டி பக்கத்தில் வைத்திருந்தார்.

"நல்ல கனம் மாப்ள" என்றார்.